ஈப்போவில் ஒரு மூட்டை தவிடு

1

எங்கள் வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், ஒரு மூட்டை தவிடு சாய்ந்து கிடக்கிறது. எங்களிடம் கோழி கிடையாது. ஆடு மாடும் கிடையாது. ஈப்போவின் புந்தோங் பகுதியில் நாங்கள் இருக்கும் வரிசை வீட்டில் அதற்கெல்லாம் இடமும் இல்லை. எதிர்வீட்டு அக்கா நேற்றும் கேட்டார், இன்றும் கேட்டார்.

"என்னா தம்பி, பண்ணை வைக்கப் போறீங்களா?"

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்குப் பேச்சு அவ்வளவு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஈப்போவுக்கு முடிவெட்டும் கடை வேலைக்கு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கே வந்த பிறகு கல்யாணம் முடிந்தது. ஒரு மகள், கவிதா, கோலாலம்பூரில் படிக்கிறாள். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் மழை பெய்ததா, தங்கம் என்ன விலை, எப்போது வருகிறாய் என்று கேட்பார்கள். நானும் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். இந்தத் தவிட்டு மூட்டையைப் பற்றி போனில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

நம் பக்கத்தில் தெரிந்த வழக்கம்தான். பிறக்கிற பிள்ளைகள் நிலைக்காமல் போனால், அடுத்த பிள்ளை பிறந்தவுடன் அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். 'இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை' என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து, அதே பிள்ளையை விலைக்கு வாங்குவதுபோல வாங்கிக்கொள்வார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் மதிக்க மாட்டான் என்று நம்பிக்கை. எங்கள் தெருவில் தவிட்டான் என்றே ஒருவர் இருந்தார். டிராக்டர் ஓட்டினார், நன்றாகத்தான் இருந்தார். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே காலையில் முடிந்துவிடும். மத்தியானம் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

என் மாமனார் சின்னையா கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நான்காவதுதான் என் மனைவி அமுதா. அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீடு வேலுவும் அஞ்சலையும். அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான், கணேசன். தோட்டத்துக் கோயிலில் குறி சொன்னவர், "பிள்ளையைக் குடு, ஆனா உடனே வாங்காதே. கல்யாணம் ஆகிற வரைக்கும் அது உன் பிள்ளைன்னு வாயைத் திறக்காதே" என்று சொல்லியிருக்கிறார்.

சின்னையா சொன்னதைச் செய்கிறவர். இதில் சொன்னதற்கு மேலேயும் செய்தார். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி பிறப்பைப் பதியப் பேர் கேட்டபோது, அப்பா வேலு, அம்மா அஞ்சலை என்று எழுதச் சொல்லிவிட்டார். கிராணிக்கு விஷயம் தெரியும்.

"இது வெறும் காகிதம் சின்னையா. சாமி காகிதம் படிக்காது."

"சாமி படிக்காதுங்க. எமன் படிப்பான். அவன்தானே கணக்குப் பாக்குறவன்."

கிராணி சிரித்துக்கொண்டே எழுதிவிட்டாராம். அந்தச் சிரிப்பில் போனதுதான் எல்லாம்.

அமுதா சின்னையா வீட்டில்தான் தூங்கினாள், சின்னையா மனைவியிடம்தான் பால் குடித்தாள். ஆனால் கூப்பிட்டது மாமா, அத்தை என்று. அப்பா, அம்மா பக்கத்து வீட்டில் இருந்தார்கள். பெற்றவள் இறந்தபோது அமுதா பெரிய பெண். 'அத்தே, அத்தே' என்றுதான் அழுதாளாம். இதை என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள், துணி மடித்துக்கொண்டே.

எங்கள் கல்யாணத்தன்று சின்னையா ஒரு துண்டில் தவிடு முடிந்து கொண்டுவந்திருந்தார். வேலு அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னிக்கி நான்தான் தாரை வார்க்கணும் மச்சான். நாளைக்கு வாங்கிக்க."

அந்த நாளை வரவே இல்லை. வேலுவுக்குப் பெண் பிள்ளை கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலையோடு வருவார். சின்னையா தவிட்டுப் பேச்சை எடுத்தால், "பொண்ணு இல்லாத வீடு லா. இன்னும் கொஞ்ச நாளு எங்க பொண்ணா இருந்துட்டுப் போவட்டும்" என்பார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று, லயங்களை இடித்து, சின்னையா புந்தோங்குக்கும் வேலு கோலா கங்சாருக்கும் போன பிறகும் இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை.

வாங்காத பிள்ளையைச் சின்னையா எப்படி மகள் என்று சொல்வார்? அவர் அமுதாவைக் கூப்பிடுவது 'வேலு பொண்ணே' என்று. அவர் வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம், அவருக்குக் கஞ்சி வைப்பதும் மருந்து கொடுப்பதும் அமுதாதான். என்னை அவர் தம்பி என்பார், ஒருநாளும் மாப்பிள்ளை என்றதில்லை. கவிதாவை குட்டி என்பார். அவள் மட்டும் அவரைத் தாத்தா என்று கூப்பிடலாம். வயதானவர்கள் எல்லோரும் தாத்தாதானே, அதில் எமனுக்குச் சந்தேகம் வராது.

3

இந்த விஷயம் என் வாழ்க்கையில் ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டிக்கொண்டே இருந்தது. கல்யாணமான புதிதில் ஒவ்வோர் ஆண்டும் மனைவியோடு போய் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி மலாயில் மளமளவென்று கேள்வி கேட்டார். உங்கள் மனைவியின் அப்பா பேர் என்ன என்று கேட்டது புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் சத்தமாக "சின்னையா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அமுதா என் தொடையைக் கிள்ளினாள். மாமனார் பேர் தெரியாதவன் எப்படிப் புருஷனாக இருப்பான் என்று எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்து விசாரித்தார்கள். வீட்டில் என்ன நிறத் திரைச்சீலை, நேற்று என்ன சமைத்தாள் என்றெல்லாம். நெத்திலிக் கருவாடு என்று இருவரும் ஒன்றாகச் சொன்னதால் தப்பித்தோம்.

வீட்டுக்கு வந்து சின்னையாவிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "வேலு பேரைச் சொல்லு தம்பி. எம்பேர ஆபீஸ்ல சொல்லாதே" என்றார்.

4

போன ஆண்டு வேலு காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை. கோலா கங்சாரில் ஒரு சின்ன நிலமும் அதில் ஒரு வீடும் அவர் பேரில் இருந்தன. கணேசன் நில அலுவலகத்தில் மனுப் போட்டபோது, எல்லாப் பிள்ளைகளும் நேரில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்கக் கணக்கில் வேலுவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவர் கணேசன், இளையவள் அமுதா.

கணேசன் போன் செய்தார். லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். அன்றைக்கு அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"தங்கச்சி, ஒன்னும் இல்ல லா. சும்மா ஒரு சைன். நீ... வேற ஏதும் யோசிக்கலதானே?"

"வேற என்னாண்ணே யோசிக்கணும்?"

"இல்ல, ஒன்னும் இல்ல."

அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அப்பா அல்லாதவருடைய நிலத்தில் அமுதாவுக்குப் பங்கு இருக்கிறது. அப்பாவுடைய வீட்டில் இல்லை. சின்னையாவுக்கு மனைவி இல்லை, காகிதத்தில் பிள்ளையும் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு இந்தப் புந்தோங் வீடு, செத்துப்போன அவர் தம்பியின் பிள்ளைகளுக்குப் போகும். சித்தியவானில் இருக்கிறார்கள். வீதியில் பார்த்தால் எங்களுக்கும் அடையாளம் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. சின்னையாவுக்கு வயது எண்பதை ஒட்டி, மார்ச்சளி விட்டுவிட்டு வருகிறது.

ஒரு வக்கீல் பெண்ணிடம் போனோம். கவிதாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். பொறுமையாகக் கேட்டார். இதைத் தத்து என்றும் சொல்ல முடியாது, பிறப்பே வேறு பேரில் பதிந்திருக்கிறது, மாற்ற வேண்டுமென்றால் சின்னையா தான்தான் அப்பா என்று சத்தியம் செய்து எழுதித் தரவேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், நீதிமன்றம் போகவேண்டும் என்றார்.

விடுமுறைக்கு வந்திருந்த கவிதாவுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

"தாத்தா, டிஎன்ஏ எடுத்தா முடிஞ்சிச்சி லா. கன்னத்துக்கு உள்ள பஞ்சால ஒரு தேய்ப்பு. அவ்ளோதான்."

"பஞ்சா? செத்தவனுக்குத்தான் குட்டி மூக்குல பஞ்சு வைப்பாங்க."

"ஐயோ தாத்தா!"

"போ போ. உங்கம்மா உசுரோட இருக்கிறது ஒனக்குப் புடிக்கலயா?"

கவிதா ஆங்கிலத்தில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு அவர் பயம் விளையாட்டாக இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. மூன்று பிள்ளைகளைத் தோட்டத்து மண்ணில் புதைத்தவர். நான்காவது பிழைத்தது. எதனால் பிழைத்தது என்று அவர் நம்புகிறாரோ அதை எண்பது வயதில் எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு முகச்சவரம் செய்துவிடுவது என் வழக்கம். வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். முகத்தைப் பார்க்காமல் பின்னால் நின்றால் எனக்குக் கொஞ்சம் பேச வரும். கடையிலும் அப்படித்தான்.

"ஒரு உயிலாவது எழுதிடலாமுங்களே" என்றேன்.

அவர் அசையாமல், கண்ணை மட்டும் மேலே உருட்டினார்.

"கத்திய கழுத்துல வச்சிக்கிட்டு வீட்டைக் கேக்குறியா தம்பி?"

நான் கத்தியைச் சட்டென்று எடுத்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நுரையெல்லாம் சட்டையில் தெறித்தது. உள்ளேயிருந்து அமுதா எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்ததும் அவர் சொன்னார், "வீடு அவளுக்குத்தான். யாரு இல்லேன்னா? ஆனா மகள்னு எழுத மாட்டேன். நான் வாங்கல, எம்மக இல்ல."

5

மறுபடி வக்கீல் பெண்ணிடம் போனபோது சின்னையாவையும் கூட்டிப்போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வீட்டை எழுதலாமாம்மா?"

"யாருக்கு வேணும்னாலும் எழுதலாம் தாத்தா. உங்க வீடு. உறவு போடணும்னு இல்ல. பேரும் அடையாள அட்டை நம்பரும் போதும்."

"பொறவு வேற யாரும் வந்து, இவ யாருன்னு கேட்டா?"

"நீங்க தெளிவா எழுதி வச்சா அதுதான் பேசும்."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இத்தனை ஆண்டுகள் சுமந்ததை யாரோ ஒரு பக்கம் பிடித்ததுபோல இருந்தது அவர் முகம்.

கையெழுத்துப் போடுகிற நாளில் நான் சாட்சியாக நிற்கலாம் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். வீடு கிடைக்கப்போகிறவளின் புருஷன் சாட்சி போடக் கூடாதாம், போட்டால் அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போய்விடுமாம். வக்கீல் பெண்ணும் அவர் ஆபீசில் இருந்த இன்னொருவரும் சாட்சி. என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வக்கீல் பெண் தமிழில் வாசிப்பது கேட்டது. என் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டை வேலுவின் மகள் அமுதாவுக்குக் கொடுக்கிறேன் என்று. சரியா தாத்தா என்று கேட்டார். சரி என்று சொன்னார் சின்னையா. தெளிவாகச் சொன்னார்.

அமுதா வெளியே வந்து கழிவறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தவள், "வீடு கெடச்சிருச்சி" என்றாள். அவள் வீட்டுக்காக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கேள்வியெல்லாம் கேட்கிற இடத்திலாவது ஒரு தடவை 'மகள்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

6

பிறகு கோலா கங்சார் நில அலுவலகம். அந்த இடத்தில் எனக்கு நம் ஊர்ப் பதிவு அலுவலகம் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பாவின் சொத்து ஒரு கிணற்றில் கால் பங்கு. அதை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒருமுறை விமானம் ஏறிப் போனேன். போட்டு முடித்ததும் அண்ணன் அவசரமாக எழுந்து போய்விட்டார். கிணறு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம்.

அதிகாரி வாரிசுகளின் பேரை வாசித்தார். அமுதா எழுந்து, தனக்குப் பங்கு வேண்டாம், அண்ணனுக்கும் அம்மாவுக்கும் போகட்டும் என்று மலாயில் சொன்னாள். நன்றாக யோசித்தீர்களா என்று அவர் இரண்டாம் முறை கேட்டார். 'செத்துஜு' என்றாள், சம்மதம் என்று. கணேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் அவர் எங்கள் எல்லோரையும் மீ என்கிற நூடுல்ஸ் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார். "தங்கச்சி, மனசுல வச்சிக்காதே. எனக்குப் பயம் லா. இருக்கிறது ஒரே வீடு" என்றார். அமுதா அவர் தட்டில் தன் முட்டையை எடுத்து வைத்தாள். அண்ணன் தங்கைச் சண்டை அதோடு சரி.

அஞ்சலைதான் சாப்பிடவில்லை. வெள்ளைப் புடவையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவரு பங்கு வேணாம்னு சொல்லிட்டியே. அப்ப நாங்களும் வேணாமா?"

"அப்படி இல்லம்மா."

"ஒவ்வொரு தீவாளிக்கும் மொதல்ல ஒனக்குத்தான் சேலை எடுப்பாரு. எனக்குக்கூட அப்பறந்தான்."

அமுதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிலம் எனக்கு வேணாம்மா. எனக்கு வேண்டியது வேற. என்னைய மாமாவுக்குத் திருப்பிக் குடுங்க. அவருக்கு ஒடம்பு முடியல. இருக்கிற வரைக்கும் ஒரு தடவையாச்சும் அவரு என்னைய மகள்னு சொல்லணும்."

அஞ்சலை கையை விடுவித்துக்கொண்டார். பாதி தேத்தண்ணியைக் கிளாசிலேயே விட்டுவிட்டு, வெயிலில் போய் கணேசனின் காருக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு பெண்ணை இரண்டு பேர் பெற்றதுபோல ஆகிவிட்டால் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது அமுதா வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

7

முந்தாநாள் காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் அஞ்சலை நின்றார். பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். கையில் ஒரு பை. கேட்டைத் திறப்பதற்குள்,

"தவிடு இருக்கா வீட்டுல?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அமுதா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஈப்போவில் தவிடு வாங்குவது நான் நினைத்ததுபோல இல்லை. மளிகைக் கடையில் சிரித்தார்கள். ஒரு பெரிய கடையில் ஓட்ஸ் தவிடு என்று அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்கள், உடம்பு இளைப்பதற்கு. எமனுக்கு அதெல்லாம் செல்லுமா என்று சந்தேகம். கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு சீனரின் கோழித்தீவனக் கடைக்குப் போனேன். மூட்டையாகத்தான் தருவேன் என்றார். சரி என்றேன். மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டே மலாயில் கேட்டார், கோழி எத்தனை என்று.

"ஒன்னு" என்றேன்.

அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காசை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது சின்னையா குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை எதிரில். நான் மூட்டையைப் பிரித்தேன். சின்னையா எழுந்து வந்து கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் பாதி தரையில் சிந்தியது. மறுபடி அள்ளினார்.

அஞ்சலை முந்தானையை விரித்துப் பிடித்தார். "அவரு இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டாரு" என்றார். பிறகு, "நல்லா வளத்துட்டீங்கண்ணே. எடுத்துக்குங்க உங்க பிள்ளைய."

சின்னையா தவிட்டை அவர் முந்தானையில் போட்டார். அஞ்சலை அதை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து அமுதாவிடம் நீட்டினார். "இது போன தீவாளிக்கு அவரு எடுத்து வச்சது. குடுக்கிறதுக்குள்ள போயிட்டாரு. கட்டிக்க."

அவ்வளவுதான். காகிதத்தில் இன்னும் அமுதா வேலுவின் மகள்தான். நாளைக்கு எந்த ஆபீசில் கேட்டாலும் அப்படித்தான் சொல்லப்போகிறோம். அதை மாற்றுகிற எண்ணமும் இப்போது எங்களுக்கு இல்லை. வேலுவுக்கும் ஏதாவது மிச்சம் இருக்கட்டும்.

அமுதா சேலையை மார்போடு வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தேத்தண்ணி கலக்க அடுப்படிக்குப் போனாள். சின்னையா வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை ஆண்டுகள் சொல்லாத வார்த்தை உடனே வந்துவிடுமா? அடுப்படிப் பக்கம் பார்த்தார். சிந்திய தவிட்டைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அது சரி, மிச்சத் தவிட்ட என்னா செய்யப் போறீங்க மாப்ளே?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.